இரண்டாம் முறை கேட்காதவர்கள்

ஜனவரி 19

என்னிடம் மூன்று டைரிகள் இருக்கின்றன. ஒன்று ஜெர்மனில். ஜெர்மன் ஆசிரியை ஃப்ராவ் ஓல்ட்மன் (ஃப்ராவ் என்றால் அவர்கள் மொழியில் திருமதி) வாரம் ஒருமுறை வாங்கித் திருத்துவதற்காக. அதில் நான் தினமும் எழுகிறேன், பல் தேய்க்கிறேன், சோறு சாப்பிடுகிறேன். இரண்டாவது பிரெஞ்சில், பிரெஞ்சு ஆசிரியை பெர்நாதெத் மேடத்துக்காக. பிரெஞ்சில் எனக்குப் பாராட்டுகிற வார்த்தைகள் மட்டும்தான் நிறையத் தெரியும் என்பதால் அதில் மெஸ் சாம்பார்கூட அற்புதமாக இருக்கிறது. மூன்றாவது இது. இதை யாரும் திருத்தப் போவதில்லை. அதனால் இதில் பொய் எழுத வேண்டியதில்லை.

பொங்கல் முடிந்து கோவில்பட்டியிலிருந்து இன்று காலை புதுச்சேரி வந்து சேர்ந்தேன். பி.ஏ. இரண்டாம் வருஷம், பிரெஞ்சும் ஜெர்மனும். இரண்டிலும் தேறினால்தான் பட்டம். மினி பஸ்ஸில் யாராவது "மக என்ன படிக்கா?" என்று கேட்டால் கண்டக்டராகிய என் அப்பா "ஃபாரின் பாஷை" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விடுகிறார். எந்த ஃபாரின் என்று அவரும் கேட்டதில்லை.

பிரெஞ்சு என்னிடம் வந்ததே மார்க்குக்காகத்தான். ப்ளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். கொட்டியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. இங்கே வந்த முதல் நாள் பெர்நாதெத் மேடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் தொண்ணூற்றொன்பது வாங்கியவள் சும்மா நிற்க முடியுமா? மனப்பாடமாக இருந்த 'எனக்குப் பிடித்த பண்டிகை' கட்டுரையை, மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடிப்பது வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். அவர் கேட்டது, "எந்த பஸ்ஸில் வந்தாய்?"

அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பொங்கல் என்று பெயர்.

அம்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாள். "நீயும் ஒருதடவ பாண்டிச்சேரி வாயேம்மா" என்றேன். "நான் எதுக்குட்டி? வீட்ட யாரு பாக்க? நீ பத்திரமாப் போ" என்றாள். சரி என்றேன். பஸ் நகரும்போது ஜன்னலோரம் வந்து, "அங்க கடல்ல கூட்டமா இருக்குமோ?" என்று கேட்டாள். எங்கள் விடுதிக்குப் பின்னால் இருக்கும் கடலில் நாய்கூட இருக்காது என்றேன். அம்மாவுக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜனவரி 24

பக்கெட்டை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஜெர்மன் டைரியில் இதை எழுதப் பார்த்தேன். 'பக்கெட்' தெரிந்தது, 'யாரோ' தெரிந்தது, கோபம் மட்டும் வரவில்லை.

ஜனவரி 30

நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து மாதப் பரிமாற்றப் படிப்பு. ஒரே ஓர் இடம். இரண்டு நாடுகளின் எல்லையில் ஓர் ஊர். நடுவே ஆறு. இந்தக் கரையில் ஜெர்மன், பாலத்தைத் தாண்டினால் பிரெஞ்சு. இரண்டு மொழியும் படிக்கிறவர்களுக்கு மட்டும்.

மூன்று தடவை போய்ப் படித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை பக்கத்து நோட்டீஸைப் படிக்கிற மாதிரி நின்றேன். காலையில் ஒரு கரையில் பாடம் கேட்டுவிட்டு மத்தியானம் பாலத்தில் நடந்து மறு கரைக்குப் போவேன். கையில் ரொட்டி இருக்கும். ரொட்டி எந்தக் கரையில் வாங்கியது என்பதுவரை யோசித்துவிட்டேன். இதுவரை எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

ஃப்ராவ் ஓல்ட்மன் அறைக்குக் கூப்பிட்டார். ஜெர்மனியின் வடக்கோரத்துக்காரர், மூன்று வருஷத்துக்கு இங்கே பாடம் நடத்த வந்திருக்கிறார். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்துவார். ஒன்பது ஒன்றுக்கு யார் தட்டினாலும் திறக்க மாட்டார். அதிகம் பேச மாட்டார்.

"ஜெர்மனில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் உன்னுடையது. இரண்டு மொழியையும் சேர்த்தாலும் நீதான் முன்னால். அந்த ஊருக்குப் போக உனக்கு விருப்பமா?" என்று கேட்டார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. வாய் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. "இல்லையில்லை, பரவாயில்லை. வேறு யாராவது போகட்டும்."

"நல்லது" என்றார். பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ ஒரு கோடு போட்டார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து, "வேறு ஏதாவது?" என்றார். இல்லை என்று வந்துவிட்டேன்.

நாளைக்கு மறுபடி கூப்பிடுவார். கூப்பிடாமல் இருப்பாரா?

பிப்ரவரி 6

கூப்பிடவில்லை. நோட்டீஸ் போர்டில் பெயர் போட்டுவிட்டார்கள். ஃபர்ஹானா.

காரைக்கால்காரி, என் அறைத் தோழி. நல்லவள்தான் போகிறாள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாமி குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது, சின்ன வயசிலிருந்து போனில் பேசிப் பழகியவள். வாழ்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் மெஸ்ஸில் நன்றாகச் சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 7

பரவாயில்லை.

பிப்ரவரி 8

நேற்று எழுதியதை அடிக்கிறேன். ரசமும் நன்றாக இல்லை.

பிப்ரவரி 11

பிரெஞ்சுப் பண்பாட்டு வகுப்பு. கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்வதைப் பெர்நாதெத் மேடம் செய்து காட்டினார். "யாராவது வாங்க" என்றதும் வகுப்பே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நான்தான் போனேன். கன்னம் வைக்கிற நேரத்தில் என்னையும் அறியாமல் அழுதுவிட்டேன். வகுப்பில் எல்லாரும் வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவர் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில்தான் பேசினோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடிப்பாவி. மூணு தடவ கேப்பாங்கன்னு நெனச்சியா?"

"ரெண்டு தடவையாவது கேப்பாங்கன்னு நெனச்சேன் மேடம்."

"அவங்க ஊர்ல ஒரு தடவதான். என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? கேட்டது அவங்க. போயி அவங்ககிட்ட சொல்லு."

"அது எப்படி மேடம் நானே போயி..."

"பின்ன உனக்குப் பதிலா நான் போகவா?"

பிப்ரவரி 12

போனேன். எட்டு ஐம்பத்தைந்துக்கு. வாசலில் நின்று எல்லா வாக்கியத்தையும் மனசுக்குள் கட்டிக்கொண்டு போயும் உள்ளே போனதும் பாதி உதிர்ந்துவிட்டது.

"நான் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அது வேண்டாம் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். நான் உன் சொல்லை மதித்தேன். மறுபடி கேட்டால் உன்னை நம்பவில்லை என்று ஆகும்."

எனக்குக் கோபம் வந்தது. ஜெர்மனில் வந்த முதல் கோபம். எங்கள் ஊரில் யாராவது சாப்பிடச் சொன்னால் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்போம், அவர்கள் மறுபடி சொல்வார்கள், மறுபடி மறுப்போம், அவர்கள் இலையைப் போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகுதான் உட்காருவோம் என்று எனக்குத் தெரிந்த இலக்கணத்தையெல்லாம் மீறிச் சொல்லி முடித்தேன். "எங்களுக்கு ஒருதடவை மட்டும் கேட்டால், அக்கறை இல்லாமல் கேட்டார்கள் என்று அர்த்தம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் காபி வேண்டாம் என்றார்கள். ஒன்றரை வருஷமாக ஒருவருக்கும் நான் காபி கொடுத்ததில்லை. இந்த ஊரில் யாருக்கும் என் காபி பிடிக்காது என்று நினைத்தேன்" என்றார்.

சிரிக்கிற விஷயம்தான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

ஃபர்ஹானா பெயரை அந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம், அதை எடுக்க முடியாது. ஆனால் இருபதாம் தேதி வரை இரண்டாவது பெயர் சேர்க்கலாம். மார்ச் 3 இரண்டு பேருக்கும் இரண்டு மொழியிலும் நேர்காணல். யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களுக்கு இடம். நான் இரண்டு மொழியிலும் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்.

"முதல் வாக்கியம் 'எனக்கு வேண்டும்' என்று தொடங்க வேண்டும். 'முடிந்தால்', 'சிரமம் இல்லையென்றால்' இதெல்லாம் இருந்தால் படிக்க மாட்டேன்" என்றார்.

பிப்ரவரி 13

ஃபர்ஹானாவிடம் நானே சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ வேணாம்னு சொல்லிட்டன்னு ஃப்ராவ் சொன்னப்பவே தெரியும். உன் வேணாம் எனக்குத் தெரியாதா? மெஸ்ல அப்பளம் வேணாம்னுட்டு என் தட்டுலேர்ந்து எடுத்துத் திங்கிறவ நீ. தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

"ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப? 'பரவால்ல, நீ போ'ன்னு சொல்லியிருப்ப. அதக் கேட்டுட்டுப் போறதும் கேக்காமப் போறதும் ஒண்ணுதான். எனக்கும் ஆசை இருக்கு செண்பகா. உன்னவிடக் கம்மின்னு நெனைக்காத."

அவள் மடித்த துணியில் என் சுடிதார் ஒன்றும் இருந்தது. அதையும் மடித்துத்தான் வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது.

பிப்ரவரி 17

கடிதம் ஆறாவது தடவை. 'எனக்கு வேண்டும்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஏதோ திருடியவள் மாதிரி சுற்றிப் பார்க்கிறேன். ஜெர்மனில் ஒருவழியாக வந்துவிட்டது. பிரெஞ்சில் வரவில்லை. மேடம் வாசித்துவிட்டு, "பிரெஞ்சுக்காரங்களும் சுத்தி வளைப்பாங்கதான். ஆனா கடைசியில விஷயத்துக்கு வந்துடுவாங்க. நீ சுத்தி வளைச்சு உங்க வீட்டுக்கே போயிடுற" என்றார்.

பிப்ரவரி 19

கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது தடவை எழுதியது.

பிப்ரவரி 22

நாங்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டோம் என்று எழுத ஆசை. இல்லை. அவள் அறையில் காதில் மாட்டிக்கொண்டு ஜெர்மன் கேட்கிறாள். நான் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போய்க் கடலோரம் உட்கார்ந்து பிரெஞ்சு பேசுகிறேன். மனப்பாடம் செய்யக் கூடாது என்று சபதம். பார்க்கிறதையெல்லாம் சொல்கிறேன். படகு, வலை, நண்டு, என் கால், செருப்பு அறுந்தது. தப்பாகச் சொன்னால் மறுபடி சொல்கிறேன். தொண்டை கட்டிக்கொண்டது. நாளைக்கும் போவேன்.

பிப்ரவரி 25

மத்தியானம் அம்மா போன் செய்தாள். நடந்ததை வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னேன். காபி விஷயத்தை நன்றாகவே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு டீச்சர் ட்ரெய்னிங்ல இடம் கெடச்சிச்சு, தெரியுமா ஒனக்கு?" என்றாள்.

தெரியாது.

"பாளையங்கோட்டையில. லெட்டர் வந்துச்சு. எங்கய்யா வயக்காட்டுல இருந்து வந்தாக. 'போறியாத்தா?'ன்னு கேட்டாக. வேணாம்யான்னேன். வீட்ல தம்பி தங்கச்சி இருக்கு, உடனே போறேன்னு சொன்னா நல்லாருக்குமா? இன்னொருவாட்டி கேப்பாகன்னு அடுப்படியிலயே நின்னேன்."

"கேட்டாங்களா?"

"எங்கய்யா ஒருவாட்டிதான் கேட்டாக."

அதற்குப் பிறகு இட்லி மாவு இப்போதெல்லாம் சீக்கிரம் புளித்துவிடுவதைப் பற்றிப் பேசினோம். அம்மாவுக்கு நாற்பத்தாறு வயசு. பாளையங்கோட்டை லெட்டர் வந்தபோது என் வயசு இருந்திருக்கும்.

இன்றைக்குக் கடலோரம் இரண்டு மணி நேரம் சேர்த்துப் பேசினேன்.

மார்ச் 3

முதலில் அவள், பிறகு நான். உள்ளே ஃப்ராவ் ஓல்ட்மன், பெர்நாதெத் மேடம், கணினித் திரையில் அந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர். ஜெர்மன் சரளமாகப் போனது. பக்கெட் திருட்டைக்கூடச் சொன்னேன், கோபத்தோடு.

பிரெஞ்சுக்கு மாறியதும் திரைக்காரர் வேகமாக எதையோ கேட்டார். பாதிதான் பிடிபட்டது. உடனே தொண்டைக்குள் பொங்கல் கட்டுரை எழுந்து வந்தது. சத்தியமாக. முதல் வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. ஒரு வினாடி விட்டிருந்தால் மாடும் கொம்பும் வண்ணமும் வரிசையாக வெளியே வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். "புரியவில்லை. மெதுவாக இன்னொரு தடவை கேளுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் முகம் கோணாமல் மறுபடி கேட்டார். இரண்டு மொழி எதற்கு, ஒன்று போதாதா என்பது கேள்வி.

தடுக்கித் தடுக்கித்தான் சொன்னேன். "ஜெர்மன் எனக்கு வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது. பிரெஞ்சு எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது. இந்த இரண்டையும் என் ஊரில் நான் ஒருநாளும் சொன்னதில்லை." வினைச்சொல் ஒன்று தப்பு, வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ஃப்ராவ் ஓல்ட்மன் கேட்டார். "நீ போனால் உன் தோழி போக முடியாது. அப்போதும் வேண்டுமா?"

கதவுக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும்.

"வேண்டும்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

மார்ச் 6

ஃபர்ஹானா. மூன்று மதிப்பெண் வித்தியாசம். பிரெஞ்சில்தான் போனது.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போட்டிக்கு வராம இருந்திருந்தா, அங்க போயி தெனமும் உன் பொருளத் தூக்கிட்டு வந்த மாதிரி இருந்திருக்கும். இப்ப இல்ல" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நீ ஜெயிச்சிருந்தா உன்கூட ஒரு மாசம் பேசியிருக்க மாட்டேன்" என்றாள்.

"நான் உன்கூட ஒரு வாரம் பேசப் போறதில்ல" என்றேன்.

"சரி" என்றாள்.

மார்ச் 9

மூன்று நாளில் பேசிவிட்டேன். பக்கெட் விஷயமாக.

மார்ச் 12

அடுத்த வருஷத்துக்கும் ஓர் இடம் உண்டு. இனி யாரையும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்களாம், விருப்பம் உள்ளவர்கள் செப்டம்பரில் தாங்களே எழுதித் தர வேண்டும். படிவத்தை இன்றைக்கே நிரப்பி ஃப்ராவ் ஓல்ட்மனிடம் கொண்டுபோனேன்.

"இது மார்ச். வேண்டாம், செப்டம்பரில் கொண்டு வா."

"வைத்துக்கொள்ளுங்கள்."

"வேண்டாம் என்றேனே."

"பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்."

"செண்பகவல்லி, நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்."

"தெரியும். நான் மூன்றாவது தடவை கேட்கிறேன்."

அவர் சிரித்து முதல் தடவையாகப் பார்த்தேன். மேல் பல் ஒன்று கோணல். படிவத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். பிரெஞ்சுக்கு இனி தினமும் கடலோரம் ஒரு மணி நேரம். மூன்று மதிப்பெண்ணை எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 15

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கணக்குப் போட்டேன். அம்மாவைப் பாண்டிச்சேரிக்கு வா என்று முதல் வருஷம் சேர வந்தபோது கேட்டேன். தீபாவளிக்குக் கேட்டேன். பொங்கலுக்குக் கேட்டேன். மூன்று தடவை கேட்டிருக்கிறேன் என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்திருந்தேன். மூன்று அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தடவை. அவள் நான் எதுக்குட்டி என்பாள், நான் சரி என்பேன். ஃப்ராவ் ஓல்ட்மனாவது அந்நிய நாட்டுக்காரர். எனக்கு என்ன வந்தது? நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஈரக்கையோடு போன் செய்தேன்.

"பாண்டிச்சேரி வாம்மா."

"நான் எதுக்குட்டி?"

"வா."

"ஒங்கப்பாவுக்குச் சோறு?"

"அப்பா நாலு நாள் ஓட்டல்ல சாப்பிடட்டும். வா."

போனில் மிக்ஸியை யாரோ நிறுத்துகிற மாதிரி கேட்டது.

"கடல்ல கூட்டம் இருக்காதுன்னு சொன்னேல்ல?" என்றாள்.

ஏப்ரல் 11

அம்மா வந்துவிட்டாள். ஃபர்ஹானாவுக்கு முறுக்கு ஒரு டப்பா, ஃப்ராவ் ஓல்ட்மனுக்கு ஒரு டப்பா. ஃப்ராவ் தன் அறையில் அம்மாவுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஃப்ராவ் என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டார். அம்மா முழுசாகக் குடித்தாள். வெளியே வந்து, "கசப்பு தாங்கல. ஆனா நல்ல பொம்பள" என்றாள்.

சாயங்காலம் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கூட்டிப் போனேன். கடலில் யாரும் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள்.

"திருச்செந்தூர்ல எத்தன தடவ கடல் பாத்திருக்க?" என்றேன்.

"எங்க பாத்தேன்? நீங்கல்லாம் குளிப்பீக. நான் பையும் துணியும் காவல் காத்துக்கிட்டு கோயிலப் பாத்து ஒக்காந்திருப்பேன். கடல் முதுகுக்குப் பின்னால கெடக்கும்."

அலை வந்து அவள் முழங்கால் வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. மணி ஆறரை ஆகிவிட்டது. விடுதியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். எனக்குக் கால் வலித்தது, கையில் நான்கு செருப்புகள்.

"போலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

நான் மறுபடி கேட்கவில்லை.